வீட்டில் ஆள் இல்லை

காலை ஆறு மணிக்கு வந்த செய்தியின்படி, முந்தைய நாள் கந்தவேல் தன் வீட்டில் பதினாறு மணி நாற்பது நிமிடம்தான் இருந்திருக்கிறார். மீதி ஏழு மணி இருபது நிமிடம் எங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தார் என்பது அவருக்கே விளங்கவில்லை. வாசல்படியைத் தாண்டி அவர் கால் வைத்து நூற்று அறுபத்தைந்து நாளாகிறது.

கந்தவேல் திருடர் இல்லை, யாரையும் ஏமாற்றிச் சொத்துச் சேர்த்தவரும் இல்லை. லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். சிங்காநல்லூரில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் போய்ப் பார்க்காமலே, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மேஜையில் பதினான்கு கோப்புகள், வெளியே நல்ல மழை. மூன்றாம் மாதம் அந்த லிஃப்ட் ஒரு மாடி தூரம் விழுந்து, பாதியில் சிக்கி நின்றது. உள்ளே ரங்கநாயகி என்ற பள்ளி ஆசிரியை. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வெளியே எடுக்க ஐந்து மணி நேரம் ஆனது. இருநூறு நாள் தண்டனை என்று நீதிபதி சொன்னபோது, குறைவுதான் என்று கந்தவேலுக்கு மனசுக்குள் பட்டது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சிறைச்சாலைகள் நிரம்பி வழிய ஆரம்பித்த பிறகு, சின்னத் தண்டனைகளை எல்லாம் வீட்டிலேயே கழிக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டுவது கண்ணியக் குறைவு என்று ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். கேமரா வைப்பது அந்தரங்கத்தில் தலையிடுவது என்று இன்னொருவர் ஜெயித்தார். மிஞ்சியது மோடம். ஒப்பந்தம் எடுத்த வெண்ணிலா நெட் கம்பெனி ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டும். கைதி வீட்டில் இருக்கிறாரா என்று அந்தப் பெட்டியே பார்த்து, நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே சொல்லும். சொன்ன நிமிடங்கள் தண்டனையில் கழியும். சொல்லாத நிமிடங்கள் கழியாது. எந்த மணி கழிந்தது, எந்த மணி கழியவில்லை என்றெல்லாம் கைதிக்குக் காட்டமாட்டார்கள். மறுநாள் காலையில் மொத்தத்தை மட்டும் சொல்வார்கள்.

மாட்ட வந்தவன் வாசல் கதவுக்கு மேலேயே ஆணி அடித்துவிட்டான். நடுக்கூடத்தில் வைக்கலாமே என்று கேட்டதற்கு, "ஒயரு இவ்வளவுதானுங் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கைதியோடு வேறு யாரும் தங்கக்கூடாது என்பது விதி. அதனால் மனைவி வசந்தாமணி, மகள் நிறைமதியைக் கூட்டிக்கொண்டு அவிநாசியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போன இடத்தில் மகளுக்கு நல்ல வரன் அமைந்தது. ஜூன் முதல் தேதி தொடங்கிய தண்டனை டிசம்பர் பதினேழில் முடிகிறது என்று கணக்குப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றரை மாசம் தள்ளியே, தை இருபதாம் தேதி முகூர்த்தம் குறித்தார்கள். பஞ்சாங்கத்தில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருந்தன. மோடம் போகும் நேரத்தை மட்டும் யாரும் போட்டிருக்கவில்லை.

இன்றைக்கு நவம்பர் பதின்மூன்று. கழிந்தவை நூற்று இருபத்தொரு நாள். மிச்சம் எழுபத்தொன்பது. கல்யாணத்துக்கு இன்னும் எண்பத்திரண்டு நாள். இனிமேல் ஒரு நிமிடமும் தவறாமல் எண்ணினால், முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் விடுதலை. கந்தவேல் தலையை உயர்த்தி மோடத்தைப் பார்த்தார். அது சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, பிறகு மனசு மாறியதுபோலப் பச்சைக்கு வந்தது.

உதவி எண்ணைக் கூப்பிட்டார். பதிவு செய்த பெண்குரல் வந்தது.

"வணக்கம். இணைப்பில் கோளாறு இருந்தால், மோடத்தை அணைத்து, முப்பது நொடிகள் கழித்து மீண்டும் போடவும்."

சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் ஏழாவது, மோடத்தை அணைப்பது தப்பியோடும் முயற்சியாகக் கருதப்படும் என்றது.

"அணைச்சா நெசமான ஜெயிலுக்கே கூட்டிட்டுப் போயிருவாங்களே அம்மா" என்றார் கந்தவேல், அந்தக் குரலிடம். ஐந்தரை மாசம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் மனுஷன் எதனிடமும் பேசுவான்.

"உங்கள் பிரச்சினை தீர்ந்தது எனில், எண் ஒன்றை அழுத்தவும்" என்றது குரல். தீரவில்லை என்பதற்கு எண் ஒதுக்கியிருக்கவில்லை.

நாலாம் நாள் ஹக்கீம் வந்தான். வெண்ணிலா நெட்டின் பழுது பார்ப்பவன், முப்பது வயது இருக்கும், தோளில் பை, முகத்தில் அன்றைக்குப் பதினொன்றாவது வீட்டுக்கு வந்த களைப்பு. முக்காலியைப் போட்டு ஏறி, மோடத்தோடு தன் கருவியை இணைத்துப் பார்த்தான்.

"சார், இந்த லைன்ல எத்தன பேருங்க இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"பதிமூணு போன், மூணு லேப்டாப்பு காட்டுதுங்களே. ஒரு டிவி வேற ஓடுது."

"டிவி எதிர்வீட்டுப் புனிதாவோட மாமனாருதுங்க. மத்தியானம் சீரியல் பாப்பாரு."

ஹக்கீம் முக்காலியிலிருந்து குனிந்து அவரையே பார்த்தான். கந்தவேலுக்கு வெட்கமாகிவிட்டது.

நடந்தது இதுதான். தண்டனை தொடங்கிய முதல் வாரம், எதிர்வீட்டுப் புனிதா ஒரு கிண்ணத்தில் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்து வாசல்படியில் நின்று கொடுத்தாள். நைட்டிகளைப் போன் கேமரா முன்னால் விரித்துக் காட்டி நேரலையில் விற்கிறவள். கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் வசந்தாமணியிடம் கிடையாது. நாலு வாழைப்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். அந்த வாரம் கந்தவேல் வீட்டில் சர்க்கரையும் இல்லை, பழமும் இல்லை. கழுவிய கிண்ணத்தோடு அவர் விழித்துக்கொண்டு நின்றபோது, "அண்ணா, உங்க வைஃபை நல்லா எடுக்குதாமா. சித்தெ பாஸ்வேர்டு குடுக்கறீங்ளா?" என்று அவளே கேட்டாள். அப்பாடா என்று கொடுத்துவிட்டார்.

ஒரே வாரத்தில் அந்த பிளாக் முழுக்க அது பரவியது. மோடம் வாசலுக்கு மேலேயே இருந்ததால், படிக்கட்டில்தான் சிக்னல் அள்ளிக்கொண்டு வரும். விடியற்காலை ஐந்து மணிக்கே இரண்டாம் மாடி நர்ஸ் எஸ்தர் வந்து படியில் உட்கார்ந்து ஜெர்மன் வகுப்புக் கேட்பாள். அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர். ராத்திரி பதினொரு மணிவரை புனிதாவின் வியாபாரம். கந்தவேல் கதவைத் திறந்துவைத்து, உள்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். எந்த நைட்டிக்கு எந்த வெளிச்சம் எடுக்கும் என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். ஜெர்மனில் இருபதுவரை எண்ணுவார்.

"இத்தன பேரு தொங்குனா எந்த மோடம்தான் தாங்குமுங்?" என்றான் ஹக்கீம். "மூச்சு முட்டி அப்பப்ப விழுந்துருது. விழுந்தா உங்க நிமிஷம் போச்சு. பாஸ்வேர்ட மாத்திப் போடுங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"புள்ளைக்குக் கல்யாணம்னீங்களே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹக்கீம் பையை மாட்டிக்கொண்டான்.

கந்தவேல் மாற்றினார். யாரிடமும் சொல்லாமல், களவாணி மாதிரி, கதவைச் சாத்திவைத்துக்கொண்டு மாற்றினார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எஸ்தர் கதவைத் தட்டி, "அண்ணா, நெட்டு வரலீங்க" என்றாள். "கம்பெனிக்காரங்க என்னமோ மாத்திட்டாங்க அம்மிணி, எனக்கே வரல" என்று கதவைத் திறக்காமலே பொய் சொன்னார். அவள் சரிங்கண்ணா என்று இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. ஒரு வாரத்தில் படிக்கட்டு காலியாகிவிட்டது. புனிதாவுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கிண்ணம் நிற்கவில்லை, ஆனால் கதவுப் பிடியில் பையில் தொங்கவிட்டு, மணியடித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விடுவாள்.

மோடம் பச்சை விளக்கை ஆடாமல் காட்டியது. கந்தவேல் ஆசையோடு காலைச் செய்திக்குக் காத்திருந்தார். செய்தி வந்தது: எட்டு மணி ஐந்து நிமிடம்.

ஏதோ தப்பு என்று அடுத்த நாளும் பார்த்தார். ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். அதற்கடுத்த நாள் ஆறே முக்கால். உதவி எண்ணைக் கூப்பிட்டால், புயல் மழையில் ஊரெல்லாம் கேபிள் அறுந்து கிடக்கிறது, ஆள் வர இரண்டு வாரமாகும் என்றது வேறொரு குரல். எழுத்தில் புகார் கொடுத்தார். நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன், குடும்பத்தின்மேல் சத்தியம் என்று எழுதினார். ஏழு புகாருக்கும் ஒரே பதில், பதிவில் நீங்கள் இல்லை என்று.

மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டார். எழுபத்தைந்து சதவீத வருகை இருந்தால்தான் விடுப்பு என்றார்கள். அவருடையது அறுபத்தெட்டு. பொள்ளாச்சிக் கல்லூரியில் படித்தபோது இதே எழுபத்தைந்துக்காக ஒரு வருஷம் அபராதம் கட்டியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் நிஜமாகவே வகுப்புக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனார். இன்றைக்கு எங்கேயும் போகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பேச ஆளில்லாத வீட்டில் கூடத்தில் உட்கார என்ன இருக்கிறது? படுக்கையறைக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால், வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவரேறிப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். குளிக்கத் தோன்றவில்லை. பசித்தால்தான் எழுந்தார். சில நாள் பசிக்கவும் இல்லை.

"ஏனுங், இன்னைக்கு எத்தன?" வசந்தாமணி தினமும் இதைத்தான் முதலில் கேட்பாள்.

"அஞ்சே கால்."

"அங்க நீங்க என்னதான் பண்றீங்?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன் வசந்தா."

"உக்காந்திருந்தா ஏனுங் கொறையுது? எங்க அண்ணன் கேக்கறாரு, மாப்ள நெசமா ஊட்லதான் இருக்காரான்னு. எனக்கே ஒரு மாதிரியா இருக்குதுங். நீங்க வராட்டி எங்க அண்ணனும் அண்ணியும் நின்னு தாரை வாக்கோணுமாம். இப்பவே பட்டு எடுக்கப் போயிட்டாங்."

கந்தவேல் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அழுதார். அழுவது கேட்கக்கூடாது என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் சந்தேகப்படுகிறாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. தினமும் காலையில் அரசாங்கமே, இவன் வீட்டில் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறது.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஹக்கீம் மறுபடி வந்தான். இந்தத் தடவை கருவியை வெகுநேரம் பார்த்தான்.

"லைன் ஒரு நிமிஷங்கூடப் போகல சார்."

"அப்பறம் ஏன் அஞ்சு மணி நேரம் காட்டுது?"

"ஆள் இல்லைன்னு பதிவாயிருக்குதுங்."

"இங்கதானப்பா இருக்கேன்! இந்தா, உன் முன்னாடி நிக்கறேன்!"

"எனக்குத் தெரியுது சார். இதுக்குத் தெரியோணுமே." ஹக்கீம் முக்காலியிலிருந்து இறங்கினான். அவரை முதலில் உட்கார வைத்தான். "இதுக்குக் கண்ணு கெடையாது. வைஃபை அலை விடும். அலை ஊடெல்லாம் பரவும். நடுவுல ஆளு அசைஞ்சா அலை ஆடும். ஆடுனா, ஆள் இருக்காருன்னு மேல சொல்லும். ஆடாட்டி, ஆள் இல்லைன்னு அர்த்தம்."

"மூச்சு விடறனே?"

"புது மிஷினா இருந்தா மூச்சையே புடிச்சுருமுங். இது எங்கியோ கழட்டுனதத் தொடச்சு மாட்டுனது. பக்கத்துல நல்லா நடமாட்டம் இருந்தாத்தான் இதுக்கு ஒறைக்கும். உங்க கட்டிலுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு செவுரு. நீங்க அங்க போயி அசையாம உக்காந்திருந்தா, இதப் பொறுத்தவரைக்கும் இது பூட்டிப் போட்ட ஊடு."

கந்தவேலுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "அப்ப மொதல்ல பதினாறு, பதினேழு மணி நேரம் காட்டுச்சே? அப்பவும் நான் தூங்குனேன், உக்காந்துதான் இருந்தேன்."

ஹக்கீம் மோடத்தைப் பார்த்தான். அது மாட்டியிருந்த சுவரைப் பார்த்தான். கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தான். கை அகலச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் காலியான படிக்கட்டு. காலை ஐந்திலிருந்து ராத்திரி பதினொன்றுவரை அங்கே உட்கார்ந்து எழுந்தவர்களின் போன்களைத்தான் போன தடவை அவனே எண்ணிப் பார்த்திருந்தான்.

"அது நீங்க இல்லீங் சார்" என்றான் மெதுவாக.

அன்று சாயங்காலம் கந்தவேல் கதவை அகலத் திறந்துவைத்து, புனிதாவை அழைத்து, உண்மையைச் சொன்னார். பாஸ்வேர்டை மாற்றியது தான்தான் என்பதையும், பொய் சொன்னதையும், ஹக்கீம் கண்டுபிடித்ததையும். புனிதா முதலில் முறைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்ணா, அப்ப நூத்தி இருவது நாளும் உங்களுக்குப் பதுலா நாங்கதான் ஜெயில்ல இருந்தமுங்ளா?"

"அப்படித்தான் போல அம்மிணி."

"காலேஜுல ப்ராக்ஸி குடுப்பாங்களே, அந்த மாதிரி!" சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. படியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "அப்ப தை இருவதும் நாங்களே இருந்துக்கறமுங். நீங்க போயி கல்யாணத்தப் பாத்துட்டு வாங்க. எங்கூட்டுக்காரரு கார் எடுப்பாரு. காத்தால போனா மத்தியானம் திரும்பிரலாம்."

"அந்தப் பேச்சே வேண்டாம்." கந்தவேலுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "பாக்காமலே பாத்தேன்னு எழுதுனதுக்குத்தான் இங்க கெடக்கறேன். அந்த டீச்சர் கோர்ட்டுல என்ன கேட்டாங்க தெரியுமா? நீங்க ஒருக்கா வந்து பாத்திருந்தாப் போதுமே சார்னு கேட்டாங்க. திட்டல, கேட்டாங்க. இப்ப இல்லாமலே இருந்தேன்னு எழுத வெக்கச் சொல்றியா?"

புனிதா புதுப் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

படிக்கட்டு மறுபடி நிரம்பியது. எஸ்தரிடமும் மன்னிப்புக் கேட்டார். கந்தவேல் கட்டிலை இழுத்து வாசலுக்கு எதிரே போட்டுக்கொண்டார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மோடத்துக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உட்கார்ந்தால் இல்லை, நடந்தால் உண்டு. ஐம்பத்தேழு வயசு முழங்கால் வீங்கிப்போனது. கணக்கு இருபது மணிக்கு ஏறியது. ஆனாலும் எந்தக் கூட்டலிலும் தை இருபதுக்குள் இருநூறு வரவில்லை.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் நிறைமதி வீடியோவில் கூப்பிட்டாள். அவள் அழவும் இல்லை, வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை.

"அப்பா, மேடையில உங்களுக்கு ஒரு சேர் போட்டு, அதுல டேப்லெட்ட வெச்சுரலாம்னு அவரு சொல்றாருப்பா. நீங்க எல்லாத்தையும் பாக்கலாம். இப்ப ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கறோம். ஆசீர்வாதம் பண்ற மாதிரி கையத் தூக்குங்க."

கந்தவேல் கையைத் தூக்கினார். நல்லா இரு கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மோடம் விழுந்தது. திரும்ப எழுந்தபோது, மறுமுனையில் யாரோ அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தமும், "அட, சும்மா இருங்கடா" என்று வசந்தாமணி அதட்டுவதும் கேட்டது. வாயைப் பிளந்து, கை பாதியில் நிற்க, ஒரு கண் மூடியபடி தான் உறைந்திருந்த படத்தை யாரோ இன்னொரு போனில் பிடித்துக் காட்ட, அவரும் பார்த்தார். மேடையில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு டேப், டேப்பில் இந்த மூஞ்சி. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அப்பன் இப்படித்தான் இருப்பான். அதைப் பார்த்து முந்நூறு பேர் சிரிப்பதை மகள் பார்ப்பாள்.

கதவைத் திறந்தார். புனிதா படியில் நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தை இருவது காத்தால ஆறு மணிக்குக் கெளம்போணும் அம்மிணி" என்றார். "நான் இருக்கறப்ப இல்லைங்கறாங்க. ஒரு நாள் இல்லாதப்ப இருக்கறேன்னு சொல்லட்டும்."

முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை, விடியும்வரை நடந்தார். போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு, துவைத்த வேட்டி சட்டையோடு வாசல்படியைத் தாண்டியபோது, இருநூற்று நாற்பத்தேழு நாளில் மறந்துபோன ஒரு பயம் வந்தது. படி இறங்கக் கால் கூசியது. புனிதாவின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் அதற்குள் எஸ்தர், புனிதா, புனிதாவின் மாமனார், கீழ்வீட்டுக்காரர்கள் என்று எட்டுப் பேர் நுழைந்திருந்தார்கள். அங்கேயே சமையல், அங்கேயே சாப்பாடு, அங்கேயே நேரலை என்று முடிவாகியிருந்தது.

அவிநாசி மண்டபத்தில், மேடைக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். எப்படி வந்தீங்க என்று கேட்கவில்லை. முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, "வேட்டியச் சரியாக் கட்டுங்" என்றாள். நாற்காலியிலிருந்து டேப்பை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவளுடைய அண்ணன் பெருந்தன்மையாக ஒதுங்கி நின்றார். பட்டுக்கு ஆன செலவைப் பற்றி முகத்தில் லேசான வருத்தம் இருந்தது, அவ்வளவுதான். கந்தவேலும் வசந்தாமணியும் சேர்ந்து நீர் வார்த்தார்கள். நிறைமதி குனிந்த தலை நிமிராமல் அப்பாவின் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஐயர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டாள்.

பந்தியில் உட்காராமல், இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கூடம் கல்யாண வீடுபோல இருந்தது. கொண்டுவந்த இனிப்பைத் தின்று, நடந்ததை எல்லாம் மூன்று தடவை கேட்டு, அவர்கள் கலையும்போது நள்ளிரவாகிவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. இருபத்து மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். தண்டனை தொடங்கிய நாளிலிருந்து இதுவே தங்களின் முழுமையான வருகை. நன்னடத்தையைப் பாராட்டி ஒரு நாள் குறைக்கப்படுகிறது.

கந்தவேல் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மழைநாளில் பதினான்கு கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைய வேலை நல்லபடியாக முடிந்தது என்று டீ குடிக்கப் போன மனுஷன் ஞாபகத்துக்கு வந்தான். அந்த ஒரு நாள் குறைப்பை அவரால் விழுங்க முடியவில்லை. மகள் கல்யாணம் முடிந்துவிட்டது, இனிமேல் எது வந்தாலும் வரட்டும் என்று, யார் பெயரையும் சேர்க்காமல், எட்டாவது புகாரை எழுதினார். நேற்றுக் காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணிவரை நான் வீட்டில் இல்லை. விதியை மீறி வெளியே போயிருந்தேன். தயவுசெய்து அந்த எட்டு மணி நேரத்தை என் வருகைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவும்.

முந்தைய ஏழு புகாருக்கும் நாள்கணக்கில் ஆன பதில், இதற்குப் பத்தே நிமிடத்தில் வந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வசந்தாமணி கூப்பிட்டாள். புது மாப்பிள்ளை வீட்டில் மகளை விட்டுவிட்டு வந்த களைப்பு அவள் குரலில் இருந்தது. எழுதியதைச் சொன்னார்.

"ஐயோ, என்ன வேல பண்ணீங்! போலீஸ் வருமுங்ளா?"

"யாரும் வரமாட்டாங்க. பதில் வந்துருச்சு."

"என்னன்னு?"

கந்தவேல் வாசித்தார். "தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. எங்கள் பதிவின்படி, தாங்கள் நேற்று முழுநாளும் வீட்டில்தான் இருந்தீர்கள். பதிவுக்கு மாறாகத் தவறான தகவல் தருவது குற்றம் என்பதை நினைவூட்டுகிறோம்."

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நேத்து மேடையில என்ற பக்கத்துல நின்னது ஆருங்?" என்றாள்.

அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். கந்தவேல் போனைக் காதில் வைத்தபடி அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார்; நின்றால் அந்த நிமிடம் சேராது.